மண்ணில் கூடி வாழும் மிக்சோபாக்டீரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி அறிவியல் கூட்டங்களிலும், நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளிடமும் இந்த உயிர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. மண்ணுல கூட்டமா வாழுற பாக்டீரியானு சொல்றீங்களே, அதுக்கு அறிவியல்ல என்ன பேரு?

மிக்சோபாக்டீரியா. கிரேக்கத்தில் 'மிக்சா' என்றால் சளி போன்ற வழுவழுப்பு. இவை ஊர்ந்து போகும் இடத்தில் அப்படியொரு தடம் படியும். இது ஓர் இனத்தின் பெயர் அல்ல, பெரிய குழு ஒன்றின் பெயர். மிக்சோகாக்கஸ், ஸ்டிக்மடெல்லா, காண்ட்ரோமைசஸ், கொரல்லோகாக்கஸ், சொராஞ்சியம் என்று பல பேரினங்கள் இதில் அடக்கம்.

ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படுவது மஞ்சள் நிறமுள்ள மிக்சோகாக்கஸ் சாந்தஸ். கீழே இனத்தின் பெயரைச் சொல்லாமல் பேசும் இடங்களில் அதைத்தான் குறிப்பிடுகிறேன்.

2. எல்லா பாக்டீரியாவும் கும்பலாத்தானே இருக்கு? இதுல மட்டும் என்ன விசேஷம்?

கும்பலாக இருப்பது வேறு, கூடிச் செயல்படுவது வேறு. பல்லில் படியும் படலத்திலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்குள்ளும் ஓரளவு கொடுக்கல் வாங்கல் உண்டு. மிக்சோபாக்டீரியா அதைத் தாண்டிப் போகிறது. சேர்ந்து நகர்கிறது, சேர்ந்து இரையைச் செரிக்கிறது, பட்டினி வந்தால் சுமார் ஒரு லட்சம் செல்கள் ஓரிடத்தில் குவிந்து ஒரு வடிவமுள்ள உடலைக் கட்டுகின்றன. அதன் பெயர் கனியுடலம். அந்த உடலுக்குள் சில செல்கள் பட்டினியைத் தாங்கி உறங்கும் ஸ்போராக மாறுகின்றன, பல செல்கள் மடிகின்றன.

தனிச்செல் உயிருக்கும் பலசெல் உயிருக்கும் நடுவே நாம் போட்டு வைத்திருக்கும் கோட்டின் மேலேயே நிற்கும் உயிர் இது. நான் இதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அதுதான்.

3. முதல்ல இதைப் பூஞ்சைனு நினைச்சாங்களாமே, உண்மையா?

உண்மை. 1809இல் லிங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் பாலியாஞ்சியம் என்ற ஒன்றை விவரித்து, அதைப் பூஞ்சைகளோடு சேர்த்தார். 1857இல் இங்கிலாந்தின் பெர்க்லி ஸ்டிக்மடெல்லாவையும் பூஞ்சை என்றே எழுதினார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்டிக்மடெல்லாவின் கனியுடலத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: ஒரு காம்பு, அதன் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக உருண்டைகள். யாராக இருந்தாலும் பூஞ்சை என்றுதான் சொல்வார்கள்.

ஹார்வர்டில் பூஞ்சையியல் ஆராய்ந்த ரோலண்ட் தாக்ஸ்டர் அந்த உருண்டைகளை முளைக்க வைத்து, உள்ளிருந்து வருபவை ஊர்ந்து செல்லும் கோல் வடிவ பாக்டீரியாக்கள் என்று கண்டார். 1892இல் அவர் எழுதிய கட்டுரையோடுதான் மிக்சோபாக்டீரியா என்ற குழு அறிவியலுக்குள் வந்தது. வெளித்தோற்றத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் முளைப்பதிலிருந்து மீண்டும் கனியுடலம் கட்டுவதுவரை முழுச் சுற்றையும் பொறுமையாகக் கவனித்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

4. ஸ்லைம் மோல்டுனு ஒண்ணு இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. டிக்டியோஸ்டீலியம் போன்ற ஸ்லைம் மோல்டுகள் உட்கரு உள்ள அமீபாக்கள். உறவுமுறையில் அவை பாக்டீரியாவைவிட நமக்கு நெருக்கம். அவையும் பட்டினி வந்தால் கூடி, காம்பும் ஸ்போர்க் குவியலும் கட்டுகின்றன. அதனால்தான் குழப்பம். ஒரே நெருக்கடிக்கு இரண்டு வம்சங்கள் தனித்தனியே ஒரே மாதிரியான வழியைக் கண்டிருக்கின்றன.

வேறுபாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அமீபாக்கள் பாக்டீரியாவை விழுங்கி உள்ளே வைத்துச் செரிக்கும். மிக்சோபாக்டீரியாவால் விழுங்க முடியாது, வெளியிலேயே செரிக்க வேண்டும். அது ஏன் முக்கியம் என்பது 7ஆம் கேள்வியில் வரும்.

5. எங்க வீட்டுத் தோட்டத்து மண்ணுல இருக்குமா? பார்க்க முடியுமா?

பெரும்பாலும் இருக்கும். இலைமக்கு, மட்கிய மரப்பட்டை, தாவரம் தின்னும் விலங்குகளின் சாணம், புழுக்கை என்று மக்கும் பொருள் உள்ள இடமெல்லாம் இவற்றுக்குப் பிடித்த இடம். ஒரு செல்லின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான், அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கனியுடலத்தை நல்ல கைக்கண்ணாடியால் பார்த்துவிடலாம்.

1920களில் லிவிவ் நகரில் கிர்செமியெனிவ்ஸ்கி தம்பதியர் பரவலாக்கிய பழைய முறை இன்றும் வேலை செய்கிறது. மூடியுள்ள கண்ணாடித் தட்டில் மண்ணைப் பரப்பி நன்றாக ஈரமாக்குங்கள். கொதிநீராவியில் கிருமிநீக்கம் செய்த முயல் புழுக்கைகளை மண்ணில் பாதி புதையும்படி அழுத்தி வையுங்கள். சுமார் 30 டிகிரி வெப்பம் போதும், அது நம் ஊர் அறைவெப்பம்தான். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரங்களில் புழுக்கையின் மேல் மஞ்சளாக, ஆரஞ்சாக, பழுப்பாகச் சிறுசிறு புள்ளிகள் எழும். பூஞ்சை முந்திக்கொண்டு படர்ந்தால் மனம் தளராமல் வேறு இடத்து மண்ணில் முயலுங்கள். தட்டைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஏனென்றால் அந்த மண்ணில் வேறு கிருமிகளும் இருக்கும்.

6. நீந்துறதுக்கு வால் கிடையாதுங்கிறாங்க, அப்புறம் எப்படி நகருது?

ஆமாம், பல பாக்டீரியாக்களுக்கு உள்ள கசையிழை இவற்றுக்கு இல்லை. மேற்பரப்பில் ஊர்ந்துதான் போக வேண்டும். ஸ்டான்போர்டில் ஜோனதன் ஹாட்ஜ்கினும் டேல் கைசரும் 1979இல் வெளியிட்ட ஆய்வுகள், மிக்சோகாக்கஸில் இரண்டு தனித்தனி நகர்வு ஏற்பாடுகள் இருப்பதைக் காட்டின. ஒன்று தனியாகச் செல்லும் செல்லை நகர்த்தும், மற்றது பக்கத்தில் துணை இருந்தால்தான் வேலை செய்யும். முதலாவதற்குத் 'துணிச்சல் நகர்வு' என்றும் இரண்டாவதற்குச் 'சமூக நகர்வு' என்றும் அவர்கள் வைத்த பெயர்கள் நிலைத்துவிட்டன.

சமூக நகர்வில் செல்லின் முனையிலிருந்து பைலி என்னும் மெல்லிய இழைகள் நீளும். எதிரே உள்ள செல்லின் மேல் பூசியிருக்கும் சர்க்கரைப் பொருளில் அவை ஒட்டிக்கொள்ளும். பிறகு இழை சுருங்கும்போது, கயிற்றை வீசிப் படகைக் கரைக்கு இழுப்பதுபோல் செல் முன்னே போகும். துணிச்சல் நகர்வில் செல்லுக்குள் இருக்கும் புரத மோட்டார்கள் தரையைப் பற்றிக்கொண்டு உடலைத் தள்ளுகின்றன. வேகம் குறைவுதான், நிமிடத்துக்குச் சில மைக்ரோமீட்டர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாறி, வந்த வழியே திரும்பும். இந்தத் திரும்பலை நிறுத்திவிடும் மரபணு மாற்றம் ஏற்பட்டால் கூட்டமே சரியாகப் பரவாது.

7. ஓநாய்க் கூட்டம் மாதிரி வேட்டையாடும்னு படிச்சேன். நிஜமாவே சேர்ந்துதான் வேட்டையாடுதா?

பாதி சரி. இரையை விழுங்க முடியாததால் இவை நொதிகளை வெளியே விட்டு, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கின்றன. தனிச் செல் விடும் நொதி சுற்றியுள்ள நீரில் கலந்து வீணாகும். நிறையச் செல்கள் ஒன்றாக விட்டால் செரிமானம் வேகமாகும். 1977இல் ரோசன்பெர்க், கெல்லர், டுவோர்கின் மூவரும் இதைச் சோதித்தார்கள். பாலில் உள்ள கேசீன் புரதத்தை மட்டும் உணவாகக் கொடுத்தபோது, செல்களின் நெருக்கம் கூடக்கூட வளர்ச்சியும் கூடியது. முன்பே செரிக்கப்பட்ட கேசீனைக் கொடுத்தபோது நெருக்கத்தால் பயன் ஏதும் இல்லை. கூடிச் செரிப்பதால் ஆதாயம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

ஆனால் கொல்லும் வேலை அப்படியல்ல. அண்மை ஆண்டுகளில் நுண்ணோக்கியில் செல் செல்லாகப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு மிக்சோகாக்கஸ் செல் தனியாகவே இரையைத் தொட்டு, தொட்ட இடத்தில் ஒரு புரதக் கருவியை அமைத்து, சில நிமிடங்களில் அதைக் கொன்றுவிடுவது தெரிந்தது. ஆகவே கொல்ல ஒரு செல் போதும், சாப்பிடத்தான் கூட்டம் தேவை. 'ஓநாய்க் கூட்டம்' என்ற பெயர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

எல்லாமே வேட்டைக்காரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். சொராஞ்சியம் செல்லுலோஸைச் சிதைக்கும். ஈரமான வடிதாளை மட்டும் கொடுத்தாலே அதைத் தின்று வளரும்.

8. சாப்பாடு தீர்ந்துபோச்சுனா என்ன பண்ணும்?

முதலில் ஒவ்வொரு செல்லும் தன் பட்டினியை உணர்கிறது. அமினோ அமிலங்கள் போதாமல் புரத உற்பத்தி தடுமாறும்போது செல்லுக்குள் ஓர் எச்சரிக்கை மூலக்கூறு பெருகும். அடுத்தது, பட்டினியில் இருப்பது நான் மட்டுமா, மற்றவையும்தானா என்ற கணக்கு. பட்டினிப்பட்ட செல்கள் வெளியே விடும் அமினோ அமிலக் கலவையின் அளவு, போதிய ஆள்பலம் இருக்கிறதா என்பதைக் காட்டிவிடும். போதிய எண்ணிக்கை இல்லையென்றால் வேலை தொடங்காது.

எண்ணிக்கை இருந்தால் செல்கள் ஓடைகளாக ஓரிடத்தை நோக்கி ஊர்ந்து குவியும். இப்போது ஒன்றையொன்று தொட்டால் மட்டுமே கிடைக்கும் இன்னொரு சமிக்ஞை தேவைப்படுகிறது. நெருக்கம் கூடக்கூட அதன் வலு கூடி, குவியலின் உள்ளே இருப்பவற்றை ஸ்போராக மாற்றுகிறது. சுமார் 24 மணி நேரத்தில் மேடு எழும்பிவிடும், 72 மணி நேரத்தில் ஸ்போர்கள் முதிர்ந்துவிடும். பேசில்லஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் ஸ்போர் (எண்டோஸ்போர்) அளவுக்குச் சூட்டைத் தாங்காவிட்டாலும், வறட்சியில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

9. எல்லா செல்லும் ஸ்போர் ஆகாதுனு சொன்னீங்களே, மத்தது ஏன் சாகணும்? தியாகமா?

ஆய்வகச் சோதனைகளில் பத்தில் ஒன்று, இரண்டு செல்கள்தான் ஸ்போராகின்றன. பெரும்பாலானவை உடைந்து மடிகின்றன. கொஞ்சம் செல்கள் ஸ்போராகாமல் கோல் வடிவிலேயே வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். மீண்டும் கொஞ்சம் உணவு கிடைத்தால் அதை முதலில் பிடிப்பவை அவைதான் என்பது ஒரு விளக்கம்.

தியாகம் என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். குவியலில் இருப்பவை பெரும்பாலும் ஒரே தாய்ச்செல் பிரிந்து பெருகியவை, மரபணுக்கள் ஒன்றே. பக்கத்துச் செல் பிழைத்தால் மடிந்த செல்லின் மரபணுவும் பிழைத்ததாகவே கணக்கு. நம் தோல் செல்கள் நாள்தோறும் உதிர்வதை யாரும் தியாகம் என்பதில்லை. ஆனால் இந்தக் கணக்கு உறவினர் நடுவே மட்டும்தான் சரிவரும். வேற்றாள் புகுந்தால்? அடுத்த இரண்டு கேள்விகளும் அதுதான்.

10. வேலை செய்யாம ஸ்போர் மட்டும் ஆகிற 'ஏமாத்துக்காரன்' செல் இருந்தா கூட்டம் என்ன ஆகும்?

இருக்கின்றன. கிரெகரி வெலிசர், லீ குரூஸ், ரிச்சர்ட் லென்ஸ்கி மூவரும் 2000இல் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டினார்கள். தனியாக விட்டால் ஸ்போராகத் திணறும் சில வகைகள், இயல்பான செல்களோடு கலந்தால் தங்கள் பங்குக்கு மேல் ஸ்போர்களாகிவிட்டன. கட்டும் வேலை மற்றவற்றுக்கு, பலன் இவற்றுக்கு.

2006இல் வெலிசர் குழு வெளியிட்ட தொடர்ச்சிதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஏய்ப்பவையும் உழைப்பவையும் கலந்த கூட்டத்தைத் திரும்பத் திரும்பப் பட்டினி போட்டார்கள். ஏய்ப்பவை பெருகின, உழைப்பவை அருகின, கூட்டம் சரிந்தது. அந்தச் சரிவில் ஓர் ஏய்க்கும் செல்லில் ஒரே ஒரு மரபணு மாற்றம் நேர்ந்து, அதற்குத் தனியாகவே ஸ்போராகும் திறன் மீண்டது. பழைய ஏய்ப்பாளர்களால் இந்தப் புதிய வகையை ஏய்க்கவும் முடியவில்லை. அதற்கு 'ஃபீனிக்ஸ்' என்று பெயரிட்டார்கள். ஏமாற்றுதல் வந்தால் கூட்டுவாழ்வு அத்தோடு முடிந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

11. தன் சொந்தம் எது, வேத்தாள் எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

ஒரு வழி நன்றாகத் தெரிந்துவிட்டது. செல்லின் வெளிச்சவ்வில் டிரா-ஏ என்ற புரதம் உண்டு. வகைக்கு வகை அதன் ஒரு பகுதி மாறுபடும். ஒரே மாதிரி டிரா-ஏ உள்ள இரண்டு செல்கள் தொட்டுக்கொண்டால் ஒட்டி, வெளிச்சவ்வுப் புரதங்களையும் கொழுப்புகளையும் பரிமாறிக்கொள்ளும். அந்தப் பரிமாற்றத்தில் நஞ்சுகளும் போகும். நெருங்கிய உறவாக இருந்தால் அந்த நஞ்சை முறிக்கும் புரதம் ஏற்கெனவே இருக்கும், ஒன்றும் ஆகாது. அடையாளம் மட்டும் ஒத்துப்போகும் வேற்றாள் என்றால் செத்துவிடும். ஆக, சோதனை இரண்டு அடுக்கு.

மண்ணில் இதன் விளைவு கண்கூடு. ஜெர்மனியின் டூபிங்கனில் 16 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஒரு மண்திட்டிலிருந்து 78 மிக்சோகாக்கஸ் மாதிரிகளைப் பிரித்தெடுத்தார்கள். உள்ளங்கையளவு இடத்திலேயே மரபில் வேறுபட்ட பல வகைகள் இருந்தன. பின்னர் அவற்றில் சிலவற்றை இரண்டிரண்டாகக் கலந்து கனியுடலம் கட்டவிட்டபோது பல ஜோடிகள் ஒன்றையொன்று தாக்கின. கூடி வாழும் உயிர் என்றதும் எல்லாரோடும் இணங்கிப்போகும் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லை காப்பதும் இவற்றின் கூட்டுவாழ்வில் ஒரு பகுதி.

12. இதோட ஜீனோம் ரொம்பப் பெரிசாமே?

ஜீனோம் என்பது ஓர் உயிரின் மொத்த மரபணுத் தொகுப்பு, அதன் நீளத்தைக் கார இணைகள் என்ற டி.என்.ஏ. எழுத்து ஜோடிகளால் அளப்பார்கள். பாக்டீரியாக்களில் மிகப் பெரியவை இந்தக் குழுவில்தான். ஈ. கோலை சுமார் 46 லட்சம் கார இணைகள், மிக்சோகாக்கஸ் சாந்தஸ் சுமார் 91 லட்சம். 2007இல் வெளியான சொராஞ்சியம் செல்லுலோசம் 1 கோடியே 30 லட்சம். ரொட்டி ஈஸ்டின் ஜீனோமே சுமார் 1 கோடியே 20 லட்சம்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மினிசிஸ்டிஸ் ரோசியா என்ற இன்னொரு மிக்சோபாக்டீரியத்தின் ஜீனோம் 1 கோடியே 60 லட்சம். அதை முழுதாக ஆராய்ந்து 2021இல் வெளியிட்டவர்கள் சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தார்.

இவ்வளவு எதற்கு? சமிக்ஞைகளைப் பிடிக்கும் புரதங்கள், செரிக்கும் நொதிகள், போட்டியாளரை விரட்டும் வேதிப்பொருள்கள் ஆகிய மூன்றுக்கும்தான் பெரும்பங்கு.

13. இதுலேர்ந்து மருந்து ஏதாச்சும் வந்திருக்கா?

வந்திருக்கிறது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹான்ஸ் ரைஷன்பாக், கெர்ஹார்ட் ஹோஃப்லே இருவரும் உலகின் பல மண்களிலிருந்து மிக்சோபாக்டீரியாக்களைத் திரட்டி அவற்றின் வேதிப்பொருள்களை ஆராய்ந்தார்கள். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் ஜாம்பேசி ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த ஒரு சொராஞ்சியத்திலிருந்து எப்போதிலோன் என்ற வேதிப்பொருள் வந்தது. முதலில் அதைப் பூஞ்சைக்கொல்லியாகப் பார்த்தார்கள். செல் பிரியும்போது தேவைப்படும் நுண்குழல்களை அது உறையவைத்துப் பிரிவைத் தடுக்கிறது என்பது 1995இல் தெரியவந்தது. பக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தின் வழியும் அதுவே. எப்போதிலோனைச் சற்று மாற்றிச் செய்த இக்ஸாபெபிலோனுக்கு, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்காக 2007இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கைகால் நரம்புகளைப் பாதிப்பது அதன் பெரிய குறை, ஐரோப்பாவில் அனுமதி கிடைக்கவில்லை.

கொரல்லோகாக்கஸ் தரும் கொரல்லோபைரோனின்-ஏ மீது எனக்குத் தனி எதிர்பார்ப்பு உண்டு. யானைக்கால் நோய் தரும் புழுவின் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது இல்லாமல் புழு தழைக்காது. அந்த வோல்பாக்கியாவை இந்தப் பொருள் அழிக்கிறது.

14. மழை பெஞ்சா வர்ற மண்வாசனை இதாலதானா?

அந்த வாசனையில் முக்கியப் பொருள் ஜியோஸ்மின். அதை மண்ணில் அதிகம் ஆக்குபவை ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாக்கள். மிக்சோகாக்கஸும் ஸ்டிக்மடெல்லாவும்கூட அதை ஆக்கும். ஆகவே இவற்றுக்கும் பங்கு உண்டு.

15. சூடோமோனாஸ், ரைசோபியம் மாதிரி இதையும் வாங்கி வயல்ல போடலாமா?

இப்போதைக்கு அப்படிப் பரவலாக விற்பனையில் இல்லை. சீனாவில் கொரல்லோகாக்கஸ் ஒன்றை மண்ணில் சேர்த்து வெள்ளரியின் ஃபுசேரியம் வாடல் நோயைக் குறைத்திருக்கிறார்கள், 2020இல் வெளிவந்த நல்ல ஆய்வு அது. ஆனால் வேட்டையாடும் பாக்டீரியாவுக்கு நன்மை செய்வது, தீமை செய்வது என்ற பாகுபாடு தெரியாது. குதிரைமசால் வேரில் முடிச்சு போடும் ரைசோபியத்தையும் மிக்சோகாக்கஸ் தின்னும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அந்த ரைசோபியத்தில் சில வகைகள் தம்மைச் சுற்றிச் சர்க்கரைப் போர்வை சுரந்து தப்பிக்கின்றன.

என் கருத்து: வாங்கி ஊற்றுவதைவிட, மண்ணில் மக்கும் பொருள் குறையாமல் பார்த்துக்கொள்வது மேல். அங்கே ஏற்கெனவே இருப்பவை தாமாகப் பெருகும்.

16. மனுசனுக்கு நோய் ஏதாச்சும் வருமா?

மனிதருக்கோ பயிருக்கோ நோய் தருவதாக அறியப்பட்ட மிக்சோபாக்டீரியா இல்லை. 5ஆம் பதிலில் கை கழுவச் சொன்னது மண்ணில் உள்ள பிற கிருமிகளுக்காக.

17. புத்தகத்துல டெல்டாபுரோட்டியோபாக்டீரியானு இருக்கு, நெட்ல மிக்சோகாக்கோட்டானு போட்டிருக்கு. பரீட்சையில எதை எழுதணும்?

இரண்டும் ஒரே உயிர்களைப் பற்றியதுதான், காலம்தான் வேறு. முன்பு இவை புரோட்டியோபாக்டீரியா தொகுதியின் டெல்டா வகுப்பில் இருந்தன. பல மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் அந்த வகுப்பு ஒரே வம்சமாக நிற்கவில்லை. 2020இல் அதைப் பிரித்து, மிக்சோகாக்கோட்டா என்ற தனித் தொகுதி முன்மொழியப்பட்டது. 2021இல் முறைப்படி வெளியிடப்பட்டது. பரீட்சையில் உங்கள் பாடத்திட்டம் சொல்வதை எழுதுங்கள், ஆய்வுக்கட்டுரை எழுதினால் புதியதை எழுதுங்கள். மிக்சோபாக்டீரியா என்ற பொதுப்பெயருக்கு இதனால் சிக்கல் இல்லை.

18. அந்தத் தொகுதியில இருக்கிற எல்லாமே கனியுடலம் கட்டுமா?

கட்டாது. 2002இல் விவரிக்கப்பட்ட அனேரோமிக்சோபாக்டர் ஆக்சிஜன் இல்லாமலே வளரும். அது கனியுடலம் கட்டி யாரும் பார்த்ததில்லை. அதே ஆண்டு ஜப்பானியக் கடற்கரையிலிருந்து விவரிக்கப்பட்ட ஹாலியாஞ்சியத்துக்கு உப்பு வேண்டும், ஆனால் அது கனியுடலம் கட்டும். ஆகவே 'மண்', 'சமூகம்' என்ற இரண்டு அடைமொழிகளும் குழுவில் பெரும்பான்மைக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கட்டத் தெரிந்த இனமும் அந்தத் திறனை இழக்கலாம். சத்தான திரவத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் கூட்டுக் குணங்கள் தேய்ந்துபோகின்றன. 10ஆம் பதிலில் வந்த ஏய்ப்பவைகளில் சில அப்படி உருவானவைதான்.

19. மூளையே இல்லாத செல் 'பேசுது', 'முடிவு எடுக்குது'னு சொல்றது சரியா?

இந்தச் சொற்களை நானும் பயன்படுத்துகிறேன், அதனால் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். 8ஆம் பதிலில் வந்த எண்ணிக்கைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் செல்லும் தலை எண்ணவில்லை. வெளியே உள்ள அமினோ அமிலத்தின் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. பட்டினியோடு இருப்பவை பல என்றால்தான் அந்த வரம்பு எட்டப்படும் என்பதால், விளைவு எண்ணியதற்குச் சமமாகிவிடுகிறது.

'பேசுகிறது' என்று சொல்லலாம், எந்த மூலக்கூறு, அதைப் பிடிக்கும் புரதம் (ஏற்பி) எது, என்ன விளைவு என்று தொடர்ந்து சொல்ல முடிந்தால். அதைச் சொல்லாமல் நிறுத்தினால் கேட்கும் பிள்ளை செல்லுக்குள் குட்டி மனிதன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளும். கட்டளையிடும் தலைமை எதுவும் இல்லாமல், ஒவ்வொன்றும் தன் அக்கம்பக்கத்துக்கு மட்டும் எதிர்வினையாற்றி, லட்சம் செல்கள் ஒரே வடிவத்தில் எழுகின்றன. காம்பும் கிளையுமாக நிற்கும் காண்ட்ரோமைசஸின் கனியுடலம் அப்படி எழுவது எப்படி என்பது இன்னும் முழுதாக விடுபடாத கேள்வி. நுண்ணுயிரியலில் ஆய்வு செய்ய வரும் பிள்ளைகள் தலைப்புக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.